மாமாவின் கேரேஜில் கிடைத்த டி.வி. கேம்கள்: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

மாமா காலமான பிறகு டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் உள்ள அவருடைய கேரேஜை ஒழுங்குபடுத்தியபோது ஓர் அட்டைப்பெட்டி கிடைத்ததாகவும், அதில் முதல் மாதிரி சேகா மெகா டிரைவ் கேம் கன்சோல் ஒன்றும், அவர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த நின்டென்டோ சூப்பர் ஃபேமிகாம் ஒன்றும், துப்பாக்கியோடு கூடிய கோல்டன் சைனா என்ற நகல் கன்சோல் ஒன்றும், எது எதற்குரியது என்று தெரியாத ஐந்தாறு அடாப்டர்களும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மின்சாரத்தைத் தேக்கும் சிறு பாகங்களான கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, உள்ளே எச்டிஎம்ஐ பொருத்தி, 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை வெளுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், ‘மாமா இருந்து பார்த்தால் மனம் வருந்தக்கூடாது’ என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறீர்கள். என் கணக்கில் அதுதான் உண்மையான கேள்வி. எப்படி மாற்றுவது என்பதை எந்த வீடியோவும் காட்டிக்கொடுத்துவிடும். செய்த மாற்றத்தை நாளை திரும்ப எடுக்க முடியுமா, முடியாதா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் டர்பனில் 1989 முதல் டி.வி., வீடியோ ரெக்கார்டர் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவன். கேம் கன்சோல்கள் அந்த மேசைக்குப் பக்கவாட்டில் வந்து சேர்ந்தவை. பிறகு அவையே பிழைப்பின் பாதியாகவும், வேலை முடிந்த பின் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டன. ஆகவே கீழே சொல்வதில் மின்சாரமும் சால்டரிங்கும் சம்பந்தப்பட்டவற்றைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். சந்தை விலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் வாங்கியவற்றில் பாதியை அதிக விலைக்குத்தான் வாங்கியிருக்கிறேன்.

முதலில், அந்த அடாப்டர் பையை மூடி ஒரு பக்கமாக வையுங்கள். மூன்று கன்சோல்களையும் சேர்த்துப் பார்த்தால் அவற்றுக்கு மிகப் பெரிய ஆபத்து அந்தப் பைதான். ஜப்பானிலிருந்து வந்த அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் சுவரில் இருப்பது 230 வோல்ட். அதன் மெல்லிய தட்டை முனைகள் நம்முடைய பருத்த மூன்று உருளை முனைச் சாக்கெட்டில் நுழையாது என்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் பயணத்துக்கு விற்கும் மாற்றுமுனை ஒன்றை இடையில் செருகினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும், அடாப்டரும் சில நிமிடங்களில் போய்விடும். சூப்பர் ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடு முனை மைனஸ். முதல் மாதிரி மெகா டிரைவுக்கு 9 வோல்ட் டிசி, 1.2 ஆம்பியர், அதற்கும் நடு முனை மைனஸ். இரண்டாம் மாதிரி மெகா டிரைவுக்கு நடு முனை பிளஸ் என்று சேகாவே திருப்பிப் போட்டுவிட்டது. எனவே அடாப்டரின் மேல் சேகா என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிச் செருகக்கூடாது. இவை எல்லாவற்றையும்விடத் தந்திரமானது ஐரோப்பாவில் விற்ற நின்டென்டோ அடாப்டர். அது வெளியே விடுவது 9 வோல்ட் ஏசி. அதை ஏற்க வேண்டிய கன்சோல்களுக்குள் ஏசியை டிசியாக்கும் டையோடு பாலம் உண்டு. ஜப்பானியக் கன்சோலுக்குள் அது கிடையாது, ஆனால் முனை அதிலும் சரியாகப் பொருந்திவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், வாடிக்கையாளர் ஒருவர் தம் மகனுக்கு வாங்கிய ஜப்பானிய ஃபேமிகாமை, அதாவது சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்தைய நின்டென்டோ கன்சோலை, கன்ட்ரோலர் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டுப் போனார். பொத்தானைச் சரிசெய்துவிட்டு, ஓட்டிப் பார்ப்பதற்காக அலமாரியில் கைக்குக் கிடைத்த நின்டென்டோ அடாப்டரைச் செருகினேன். ஒரு நொடி கருகல் நாற்றம், அவ்வளவுதான். முனை பொருந்தியதே, தவறாக இருக்க முடியுமா என்றுதான் அன்று நினைத்தேன். அதற்கு ஈடாக இன்னொன்று தேடி வாங்கிக் கொடுக்க என் இரண்டு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. அன்றிலிருந்து, பெயர் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி, மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த அடாப்டரையும் எந்தக் கன்சோலிலும் நான் செருகுவதில்லை.

நீங்களும் அப்படிப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய அடாப்டர், 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், சுமை எதுவும் இல்லாதபோது 13 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. சுமை ஏறியதும் இறங்கிவிடும். அதே மீட்டரை ஏசியில் வைத்தும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கன்சோலுக்கும் நல்ல, ஒழுங்குபடுத்தப்பட்ட புதிய அடாப்டர்களை வாங்கி, ஒவ்வொன்றின் வாலிலும் எந்தக் கன்சோலுக்கு என்று பெயர் எழுதிக் கட்டிவிடுவதே என் அறிவுரை. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் ஏற்றத்தை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விளையாடி முடித்ததும் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இத்தனையும் செய்தால் கன்சோலில் எதையும் மாற்றாமலேயே அதன் ஆயுளுக்கு வேண்டியதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டீர்கள்.

இனி கெப்பாசிட்டர். ‘பழைய கன்சோல் என்றால் எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்று’ என்பது இப்போது மந்திரம்போல் சொல்லப்படுகிறது. அது சில கன்சோல்களுக்கு முழு உண்மை. சேகா கேம் கியரில் உள்ள சிறிய கெப்பாசிட்டர்கள் ஒழுகுவது ஏறக்குறைய நிச்சயம், பி.சி. எஞ்சின் டுவோவும் அப்படியே. முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கு மின்சாரம் தேக்கும் கெப்பாசிட்டர், கடைசிச் சர்க்யூட் பலகைப் பதிப்பான 1.6 தவிர மற்றவற்றில், ஒழுகிப் பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். அதைக் கழற்றி எறிவதில் இரண்டாம் எண்ணமே வேண்டாம். உங்களிடம் உள்ள மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. திறந்து பாருங்கள்: கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் ஈரமோ பச்சைப் படலமோ தெரிகிறதா, சால்டர் பளபளப்பு இழந்து கறுத்திருக்கிறதா, சால்டரிங் அயர்னை வைத்ததும் மீன் வாடைபோல் ஒன்று எழுகிறதா? படத்தில் அலையலையாகக் கோடு ஓடுகிறதா, ஒலி மங்கியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தால் மாற்றுங்கள். சூப்பர் ஃபேமிகாமின் தொடக்கப் பலகைகளில் மேற்பரப்பில் ஒட்டிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றை மட்டும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எதுவும் தெரியாத நிலையில் முன்னெச்சரிக்கையாக மாற்றலாமா என்பதில் தொழில் தெரிந்தவர்களிடையேயே ஒத்த கருத்து இல்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்றால், என் மேசைக்கு வந்த செத்த பலகைகளில் கெப்பாசிட்டர் கொன்றவற்றைவிட, கெப்பாசிட்டர் மாற்றப் போனவர் கொன்றவையே அதிகம். பழைய சால்டர் முழுதும் உருகுவதற்கு முன் பாகத்தைப் பிடித்து இழுத்தால், அதன் கீழுள்ள செம்புத் திட்டும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். நீங்களே செய்வதென்றால் முதலில் தூக்கி எறியப்பட்ட ரேடியோ ஒன்றில் ஒரு வாரம் பழகுங்கள். 63க்கு 37 என்ற விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். அயர்னின் நுனியை 330, 340 டிகிரியில் வைத்து, சால்டர் நன்றாக ஓட உதவும் ஃபிளக்ஸைத் தாராளமாகப் பூசி, பழைய சால்டரோடு புதியதைக் கொஞ்சம் கலந்துவிட்டு எடுத்தால் பலகைக்கு வலிக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

டர்பனில் கெப்பாசிட்டருக்கு முன் பார்க்க வேண்டியது வேறொன்று: கரப்பான். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில், கேரேஜில் பல ஆண்டுகள் கிடந்த பெட்டிக்குள் கரப்பான் குடும்பம் நடத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதன் எச்சம் ஈரத்தோடு சேர்ந்து பலகையை அரிக்கும். அடாப்டர் நுழையும் துளைக்குள் அதன் கூடு இருந்ததையும் பார்த்திருக்கிறேன். மின்சாரம் கொடுப்பதற்கு முன் திறந்து, மென்மையான தூரிகையால் தட்டி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சூப்பர் ஃபேமிகாமைத் திறக்கச் சாதாரணத் திருப்புளி பயன்படாது. உள்வளைந்த தலையுள்ள அந்தத் திருகுகளுக்கு 4.5 மில்லிமீட்டர் முனையும், கேசட்டின் திருகுக்கு 3.8 மில்லிமீட்டர் முனையும் தனியாகக் கிடைக்கும். கேசட்டின் தங்கப் பற்களையும் அதே ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். உப்புத்தாள், பித்தளை பாலிஷ் வேண்டாம். வாயால் ஊதுவதும் வேண்டாம்; நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான், ஆனால் வேலை செய்தது கழற்றி மறுபடி செருகியதே தவிர நம் மூச்சு அன்று.

படம் காட்டும் விஷயத்தில் சூப்பர் ஃபேமிகாம் உங்களைக் குழப்பும். ஆன்டெனா வழியாக இணைத்தால் ஒன்றும் தெரியாது. ஏனெனில் ஜப்பானின் 1, 2 ஆம் சேனல்கள் 91, 97 மெகாஹெர்ட்ஸ் அருகே உட்கார்ந்திருக்கின்றன. அந்த இடம் நமக்கு எஃப்.எம். ரேடியோ. எப்படியாவது பிடித்துவிட்டாலும் ஒலி வராது: 1976இல் தென்னாப்பிரிக்காவில் டி.வி. தொடங்கியபோது எடுத்துக்கொண்ட பி.ஏ.எல். என்ற ஒளிபரப்பு முறையின் வகையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ், ஜப்பானில் 4.5. கன்சோல் கெட்டுவிட்டது என்று இதனாலேயே தூக்கி வீசியவர்கள் உண்டு. பின்புறத்தில் உள்ள பல்முனைத் துளையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் செருகினால், ஜப்பானின் ஒளிபரப்பு முறையான என்.டி.எஸ்.சி.யை ஏற்கும் எந்த டி.வி.யிலும் படம் வரும். அதே துளையில், மஞ்சள் வயரைவிடத் தெளிவான படம் தரும் எஸ்-வீடியோவும் ஆர்ஜிபியும் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே அந்தக் கன்சோலை நல்ல படத்துக்காக மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சரியான வயர்தான் வேண்டும். வாங்கும்போது ஜப்பானியக் கன்சோலுக்கான ஆர்ஜிபி வயர் என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 220 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கன்சோலுக்கான வயரில் அதற்குப் பதிலாக 75 ஓம் ரெசிஸ்டர்கள் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

உள்ளே எச்டிஎம்ஐ பொருத்துவதை நான் பரிந்துரைக்கவில்லை. அதற்குப் பின்புறப் பிளாஸ்டிக்கை அறுக்க வேண்டிவரும், நுண்ணிய வயர்களைச் சில்லின் கால்களில் ஒட்ட வேண்டிவரும், அந்தப் பலகை ஐந்தாண்டில் பழசாகிவிட்டால் துளை மட்டும் மிஞ்சும். இந்தக் கன்சோல்கள் பெரும்பாலான ஆட்டங்களுக்கு அனுப்புவது 240 வரிகள் கொண்ட, இடைவரி இல்லாத, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரி வரையாத படம். இன்றைய எல்சிடி டி.வி.க்களில் பல அதை 480 வரி இடைவரிப் படம் என்று தவறாக எடுத்துக்கொண்டு, பிசைந்து, தாமதமாகக் காட்டுகின்றன; பொத்தானை அழுத்தியதற்கும் பாத்திரம் குதிப்பதற்கும் நடுவே உணரத்தக்க இடைவெளி வருவது இதனால்தான். ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் போன்ற வெளிப்பெட்டிகள் இந்த வேலையைச் சரியாகச் செய்யவே உருவானவை. மஞ்சள் வயரையும் ஆர்ஜிபியையும் ஏற்கும் பெட்டி என்றால் ஒன்றே மூன்று கன்சோலுக்கும் பயன்படும், எந்தக் கன்சோலிலும் ஒரு கீறல்கூட விழாது. ‘ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ’ என்று மலிவாக விற்கும் சிறு டப்பாக்களில் நான் திறந்து சோதித்தவை எல்லாம் அந்த டி.வி.க்கள் செய்யும் அதே தவற்றைச் செய்தன.

மெகா டிரைவின் 60 ஹெர்ட்ஸ் விஷயம் வேறு. நமக்கு விற்கப்பட்ட பி.ஏ.எல். கன்சோல் நொடிக்கு 50 படம் காட்டும். 60க்காக எழுதப்பட்ட ஆட்டத்தைச் சரிப்படுத்தாமல் அதில் ஓட்டினால், ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும்; மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் விழும். சோனிக் இசை ஜப்பானிலிருந்து வந்த வீடியோக்களில் ஏன் துள்ளுகிறது என்று நீங்கள் வியந்திருக்கலாம். நம் வீடுகளில்தான் அது நடந்துகொண்டிருந்தது. முதல் மாதிரிப் பலகையில் 50, 60 என்பதற்கும் மொழிக்கும் தனித்தனி இணைப்புப் புள்ளிகள் இருப்பதால், இந்த மாற்றம் கன்சோல் மாற்றங்களிலேயே எளிதானவற்றுள் ஒன்று. நுணுக்கமாகச் சொன்னால், பி.ஏ.எல். பலகையின் கடிகாரமே சற்று மெதுவானது என்பதால் மாற்றிய பிறகும் வேகம் ஜப்பானியக் கன்சோலைவிட ஏறக்குறைய 1 சதவீதம் குறைவு. காதுக்கு அது தெரியாது. 60இல் மஞ்சள் வயர் வழியாக வரும் நிறம் சில டி.வி.க்களில் கெடும், ஆர்ஜிபியில் கெடாது. எனக்கு வருத்தம் தருவது வேலையின் இன்னொரு பகுதி: சுவிட்சுக்காகப் பின்புறத்தில் துளையிடுவது. என் சொந்த மெகா டிரைவில் நான் இரண்டு துளை போட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாக அவை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இப்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மாறும்படி ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரை உள்ளே வைத்துவிடலாம். துளை வேண்டாம், பலகையில் அறுத்த இணைப்பையும் ஒரு சொட்டுச் சால்டரால் பழையபடி சேர்த்துவிடலாம். உங்கள் மூன்றில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே உள்மாற்றம் இதுதான். கூடுதலாக ஒன்று: முதல் மாதிரியில் ஸ்டீரியோ ஒலி முன்புற ஹெட்ஃபோன் துளையில் மட்டுமே வரும், பின்புறத்தில் மோனோதான், அதற்கும் மாற்றம் வேண்டாம், ஒரு வயர் போதும்.

கோல்டன் சைனாவைத்தான் நீங்கள் கேள்வியில் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். சேகரிப்பவர்கள் பலர் அதை நகல் என்று ஒதுக்குவார்கள். ஆனால் தொண்ணூறுகளில் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘டி.வி. கேம்’ என்றால் அதுதான். தெருமூலை டீரூம் கடையில் காசு போட்டு ஆடும் இயந்திரத்திலிருந்து நம்மை வீட்டுக்கு அழைத்துவந்தது அதுதான். அது நின்டென்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தது, அதனால் அதே 60 பல் கேசட்டை ஏற்கும். ஐரோப்பாவில் விற்ற 72 பல் கேசட்டை ஏற்காது. பி.ஏ.எல். நாடுகளுக்காகச் செய்யப்பட்ட இத்தகைய நகல்களில் பலவற்றில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. நின்டென்டோவின் சொந்தப் பி.ஏ.எல். கன்சோலில் மையச் சில்லு 1.66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஜப்பானியக் கன்சோலில் 1.79. நகல்காரர்கள் 1.77இல் ஓட்டினார்கள். அதனால் ஜப்பானிய ஆட்டங்கள் பி.ஏ.எல். டி.வி.யில் தடுமாறாமல் ஓடின, சுருதியும் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அதே நகல் சில்லுகள் பலவற்றில் ஒலி அலையின் வடிவங்களில் இரண்டு இடம் மாறிப்போயிருந்தன. மெட்டு அதுவே, நாதம் மட்டும் வேறு. அசல் நின்டென்டோவில் கேட்கும்போது ‘நம் வீட்டில் இப்படி இல்லையே’ என்று தோன்றினால் உங்கள் நினைவில் பிழை இல்லை. இதைத் ‘திருத்தும்’ மாற்றங்களும் உண்டு. மாமா கேட்ட ஒலி வேண்டுமென்றால் செய்யாதீர்கள்.

அதன் உள்ளே கறுப்புப் பிசின் சொட்டுக்கு அடியில் எல்லாம் புதைந்திருந்தால், சில்லு போனால் போனதுதான். யாராலும் மாற்ற முடியாது. எனவே அடாப்டரின் வோல்ட்டும் பிளஸ், மைனஸும் அதன் அடிப்புறத்தில் அச்சிட்டபடி இருக்கிறதா என்று மற்ற இரண்டைவிட இதற்குக் கூடுதலாகப் பாருங்கள். துப்பாக்கி எல்சிடி டி.வி.யில் வேலை செய்யாது. பழைய பிக்சர் டியூப் டி.வி.யின் ஒளி வரும் முறையையும் நேரத்தையும் நம்பியே அது செய்யப்பட்டது. துப்பாக்கிக்காகவே ஒரு பழைய டி.வி. வாங்கி வைத்திருப்பவன் நான். என் மனைவியின் கருத்தை இங்கே எழுதவில்லை. நீங்களும் வாங்கினால் அதன் முதுகை மட்டும் திறக்காதீர்கள். பெரிய டியூப்பில் 25,000 வோல்ட் வரை இருக்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் அது நீண்ட நேரம் தங்கியிருக்கக்கூடும்.

மஞ்சளை வெளுப்பது குறித்து உறுதியானது ஒன்றுதான்: ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்ந்தால் நிறம் வெளுக்கும். மஞ்சள் ஏன் ஏறுகிறது என்பதற்குத் தீப்பிடிப்பதைத் தடுக்கச் சேர்த்த புரோமின் காரணம் என்பார்கள் சிலர், பிளாஸ்டிக்கே காற்றோடு வினைபுரிவது காரணம் என்பார்கள் சிலர். இரண்டும் சேர்ந்தே நடப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. வெளுத்த பிறகு பிளாஸ்டிக் முன்பைவிட எளிதில் நொறுங்குமா என்பதிலும் சர்ச்சை இருக்கிறது. நான் வெளுத்த நான்கில் இரண்டு, அலமாரியில் இருந்தபடியே மூன்றாண்டுக்குள் மறுபடி மஞ்சளாயின; ஒன்றில் நம் ஊர் வெயில் திட்டுத்திட்டாகப் பளிங்குக் கோலம் போட்டது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. சூப்பர் ஃபேமிகாமின் மஞ்சளை அப்படியே விடுங்கள்.

கேசட்டுகளில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டத்தைச் சேமிக்கும் சூப்பர் ஃபேமிகாம் கேசட்டுகளுக்குள் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒட்டப்பட்டிருக்கும். முப்பதாண்டுக்குப் பிறகும் அது உயிரோடு இருந்தால், உள்ளே உங்கள் மாமா கடைசியாக நிறுத்திய இடம் இருக்கும். பேட்டரியை எடுத்த கணத்தில் அது அழிந்துவிடும். கேசட்டைப் படித்துக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் கருவி உள்ள ஒருவரிடம் கொடுத்து, அந்தச் சேமிப்பை முதலில் நகலெடுத்து, அதன் பிறகே சால்டர் வைப்பதற்கான உலோகக் காது ஒட்டிய புதிய பேட்டரியைப் பொருத்தி, நகலைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். பேட்டரியின் மேலேயே நேராகச் சால்டர் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள், அது வெடிக்கக்கூடும்.

இவற்றில் எதையும் தொடங்குவதற்கு முன், அந்தப் பையிலுள்ள ஒவ்வொரு அடாப்டரின் மேலும் அச்சிட்டிருப்பதை, வோல்ட், ஆம்பியர், ஏசியா டிசியா, நடு முனைக் குறியீடு என்று வரி விடாமல் இங்கே எழுதுங்கள். எது எதற்குரியது, எதைக் குப்பையில் போட வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறேன்.